உப்பு நீரில் நிற்கும் மரம்

(ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் நினைவூட்டிக் கொள்கிறேன்.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்புச் சகோதரர்களே! இதை வீட்டிலிருந்து வாசிக்கின்ற சகோதரிகளே!

சென்ற மாதம் நம் மதரஸா பிள்ளைகளை அழைத்துக் கொண்டு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போயிருந்தேன். படகு ஆற்று வழியாகப் போய் லகூனில் இறங்கும்வரை பிள்ளைகள் கத்திக் கொண்டே வந்தார்கள். மரங்கள் இரு பக்கமும் நெருங்கி வந்ததும் அவர்களாகவே அமைதியாகி விட்டார்கள். படகோட்டி ஒரு கிளையைப் பிடித்து வளைத்து, "இந்த இலையை நக்கிப் பாருங்க தம்பி" என்றார். ஹிஃப்ழு ஓதும் ஒரு பையன் நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்து, "உப்பு ஹஜ்ரத்!" என்று கத்தினான். நானும் நக்கிப் பார்த்தேன். உண்மையிலேயே உப்பு. வெயிலில் அந்த இலையைச் சாய்த்துப் பிடித்தால் மேலே பொடிப் பொடியாக மின்னுகிறது.

"கடல் தண்ணி தெறிச்சிருக்குமோ?" என்று கேட்டேன். படகோட்டி சிரித்தார். "இல்லீங்க. மரம் துப்புனது."

மரம் துப்பியது! அந்த ஒரு சொல் இந்த ஒரு மாதமாக என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இன்றைய ஜும்ஆவில் அந்த மரத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

வானங்கள், பூமியின் படைப்பைப் பற்றி நின்றும் அமர்ந்தும் படுத்தும் சிந்திப்பவர்களை அல்லாஹ் ஆல இம்ரான் சூராவின் இறுதிப் பகுதியில் புகழ்ந்து பேசுகிறான். சூரத்துல் ஃபுர்கானின் 53-வது வசனத்தில் இரண்டு நீர்களைப் பற்றிச் சொல்கிறான்: ஒன்று தாகம் தீர்க்கும் இனிய நீர், மற்றொன்று கடுமையான உப்பு நீர். இரண்டையும் சந்திக்க விட்டவனும் அவன்தான், இடையில் தடுப்பை வைத்தவனும் அவன்தான். அலையாத்தி மரம் நிற்பது அந்த இரண்டு நீரும் சந்திக்கும் இடத்தில். ஒரு பக்கம் காவிரியின் கிளைகளான பாமணியாறு, கோரையாறு கொண்டு வரும் நன்னீர். மறுபக்கம் பாக் ஜலசந்தியின் கடல் நீர்.

இந்த வசனத்தில் அலையாத்தி மரம் சொல்லப்பட்டிருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எதைக் கண்டாலும் அதைக் குர்ஆனுக்குள் நுழைத்துவிடுகிற பழக்கம் நமக்கு வேண்டாம். படைப்பைப் பார், சிந்தி என்கிறது குர்ஆன். நாம் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உங்கள் வீட்டு வேப்ப மரத்துக்கு ஒரு வாரம் இந்தத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், கருகிப் போகும். வேரைச் சுற்றி எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அதில் உப்பு மிகுந்துவிட்டால் மரத்தால் அதைக் குடிக்க முடியாது. தண்ணீருக்கு நடுவில் தாகத்தால் சாகும்.

அலையாத்தி சாவதில்லை. அதன் வேருக்குள் மெழுகு போன்ற அடுக்குகளை அல்லாஹ் வைத்திருக்கிறான். தண்ணீர் உள்ளே போகும், உப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வாசலிலேயே நின்றுவிடும். சுற்றியிருப்பது முழுக்க உப்பு. ஆனால் மரத்துக்குள் ஏறுவது ஏறக்குறைய நல்ல தண்ணீர்.

சகோதரர்களே! நாம் வாழும் சூழல் எப்படிப்பட்டது? கடைத்தெருவில் வட்டி. கல்யாணத்தில் வரதட்சணை. வேலை வாங்க லஞ்சம். பையில் இருக்கிற போனைத் திறந்தால் பார்க்கக் கூடாதது எல்லாம் தேடாமலே வந்து நிற்கிறது. "ஹஜ்ரத், ஊரே இப்படி இருக்கும்போது நான் மட்டும் எப்படி?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்த மரத்துக்கும் ஊரே உப்பு. கடலை மாற்றும் வேலையை அல்லாஹ் அதற்குக் கொடுக்கவில்லை. உள்ளே எதை விடுவது என்ற வேலையைத்தான் கொடுத்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. பயானில் நாங்கள் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். உப்பை வெளியே நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் உள்ளே இழுப்பது லேசான வேலை இல்லை. மற்ற மரங்களைவிடப் பல மடங்கு விசையோடு அந்த மரம் தண்ணீரை இழுக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கஷ்டப்பட்டுச் சேர்த்த தண்ணீரை வீணாக்க முடியாது என்பதால் இலைத்துளைகளையும் சிக்கனமாகத்தான் திறக்கும். அதனால் மெதுவாக வளரும். உப்பு கூடக் கூட மரம் குட்டையாகிக் கொண்டே போகும். ஆற்றங்கரையில் நிற்கும் மருதமரத்தின் உயரத்தை அலையாத்தியிடம் எதிர்பார்க்க முடியாது.

ஹலாலாகச் சம்பாதிப்பவன் வீடு சில நேரம் ஒரு மாடியோடு நின்றுவிடும். பக்கத்து வீடு மூன்று மாடி ஏறும். ஹராமை விட்டதும் அடுத்த மாதமே பணம் கொட்டும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். தன்னை அஞ்சுபவருக்கு ஒரு வழியை உண்டாக்குவதாகவும், எண்ணிப் பாராத புறத்திலிருந்து ரிஸ்க் அளிப்பதாகவும் அல்லாஹ் வாக்களித்திருக்கிறான் (அல்குர்ஆன் 65:2,3). அந்த வாக்கு உண்மை. எப்போது, எந்த வடிவத்தில் என்பது அவன் விருப்பம். உங்கள் வளர்ச்சி மெதுவாக இருக்கிறது என்பதற்காக வேர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். வேர் வேலை செய்வதால்கூட அப்படி இருக்கலாம்.

இப்போது இலைக்கு வருவோம். வேர் எவ்வளவு தடுத்தாலும் முழுதாகத் தடுக்க முடிவதில்லை. கொஞ்சம் உப்பு உள்ளே ஏறத்தான் செய்கிறது. அது சேர்ந்து கொண்டே போனால் இலை செத்துவிடும். அதற்காக இலையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் உப்புச் சுரப்பிகளை அல்லாஹ் வைத்திருக்கிறான். உள்ளே வந்த உப்பை அவை வெளியே தள்ளிக் கொண்டே இருக்கின்றன. அந்தப் பையன் நக்கியது அதைத்தான்.

எனக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. இவ்வளவு வலிமையான வேர் உள்ள மரத்துக்கே கொஞ்சம் உப்பு ஏறிவிடுகிறது. நமக்கு ஏறாதா? பாவமே செய்யாத மனிதனாக இருந்தால்தான் பள்ளிவாசல் படி ஏறலாம் என்று நினைத்து வெளியே நிற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும், நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். பாவம் செய்தவரின் உள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுகிறது. அவர் விலகி, மன்னிப்புக் கேட்டு, தவ்பா செய்தால் உள்ளம் துலங்கிவிடுகிறது. திரும்பத் திரும்பச் செய்தால் அந்தக் கருமை உள்ளம் முழுதும் பரவுகிறது என்ற கருத்தில் திர்மிதீயில் ஹதீஸ் வந்திருக்கிறது. பாவமே இல்லாத நம் நபி (ஸல்) அவர்கள் ஒரு நாளைக்கு எழுபது முறைக்கு மேல் இஸ்திக்ஃபார் செய்து வந்ததாக புகாரியில் பார்க்கிறோம். மரம் வருடத்துக்கு ஒரு முறை, ஷஃபே பராஅத் இரவில் மட்டும் உப்பைத் துப்புவதில்லை. தினமும் துப்புகிறது.

அடுத்தது மூச்சு.

அந்தக் காட்டில் இறங்கினால் கால் முழங்கால்வரை சேற்றில் போகும். அந்தச் சேற்றில் காற்று இல்லை. ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு இருக்கும். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணில் காற்று இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். அலையாத்தி என்ன செய்கிறது? கீழே போக வேண்டிய வேரில் ஒரு பகுதியை மேலே அனுப்புகிறது. மரத்தைச் சுற்றிலும் பென்சில் பென்சிலாக, ஆயிரக்கணக்கில், சேற்றைக் குத்திக் கொண்டு வெளியே நிற்கின்றன மூச்சு வேர்கள். அவற்றின் மேல் சிறு சிறு துளைகள். கடல் ஏறும்போது வேர் மூழ்கிவிடும். அந்தத் துளைகளில் காற்று நுழையும், தண்ணீர் நுழையாது. மூழ்கியிருக்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் பிராணவாயுவை வேர் செலவழிக்கும், உள்ளே அழுத்தம் குறையும். கடல் வற்றியதும் அதே அழுத்தக் குறைவால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். நம் கடற்கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. மரம் அந்தக் கணக்கில் மூச்சு விடுகிறது.

ஸ்கோலாண்டர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1955-ல் இதைப் பற்றி எழுதினார்கள். கண்டல் மரத்து வேரின் துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்துப் பார்த்தார்கள். சேற்றுக்குள் இருந்த வேரில் பிராணவாயு மளமளவென்று குறைந்து போனது. மரம் வெளியே பச்சையாகத்தான் நின்றது. உள்ளே மூச்சு நின்று கொண்டிருந்தது. 1991 வளைகுடாப் போரின்போது கடலில் கலந்த எண்ணெய், சவூதியின் கிழக்குக் கரையில் இந்த மரங்களின் மூச்சு வேர்கள் மேல் படிந்து பல மரங்கள் பட்டுப் போயின. யாரும் அவற்றை வெட்டவில்லை.

ஐந்து நேரத் தொழுகையை நான் இப்படித்தான் பார்க்கிறேன். பஜ்ரு முடிந்து கடைக்குப் போனால் லுஹர்வரை சேற்றுக்குள்தான் இருக்கிறோம். ஏச்சு, பேச்சு, பொய், கணக்கு. லுஹரில் ஒரு மூச்சு. அஸரில் ஒரு மூச்சு. ஒருவருடைய வாசலில் ஓடும் ஆற்றில் அவர் தினம் ஐந்து முறை குளித்தால் உடம்பில் அழுக்கு மிஞ்சுமா என்று தோழர்களிடம் கேட்டு, ஐந்து நேரத் தொழுகைக்கு நபி (ஸல்) அவர்கள் அதை உவமை காட்டிய ஹதீஸ் நாம் எல்லோரும் அறிந்ததுதான். தொழுகையை விட்டவன் அன்றைக்கே விழுந்துவிட மாட்டான். கடை நடக்கும், பிள்ளைகள் படிக்கும், வெளியே பச்சையாகத்தான் இருப்பான். அதுதான் பயமாக இருக்கிறது.

பிள்ளைகள் என்று சொன்னதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலான மரங்கள் விதையைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கிக் கொள்ளும். அலையாத்தியில் விதை தாய் மரத்தில் இருக்கும்போதே, காயின் தோலுக்குள்ளேயே முளைத்துவிடுகிறது. பிச்சாவரத்தில் இருக்கும் சுரபுன்னை இன்னும் ஒரு படி மேலே. முருங்கைக்காய் போல நீளமாக முளைக்குருத்து தாயிடமே தொங்கி, பல மாதம் தாயிடம் குடித்து வளர்ந்து, பிறகுதான் விழும். உப்புச் சேற்றில் ஒன்றும் தெரியாத விதையைப் போட்டால் பிழைக்காது. முளைத்த பிள்ளையாகத்தான் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினாலும் உடனே வேர் பிடிக்காது. கடல் ஏறி வந்து அசைக்காத சில நாள் அமைதி கிடைத்தால்தான் ஊன்றிக் கொள்ளும்.

நாம் எப்படி அனுப்புகிறோம்? பதினெட்டு வயதில் பாஸ்போர்ட். இருபதில் விசா. துபாயில் அறைக்குப் போனபின் அவன் தொழுகிறானா, எந்தக் கூட்டத்தோடு இருக்கிறான் என்று கேட்க யாரும் இல்லை. பணம் வந்ததா என்று மட்டும் கேட்கிறோம். குறை சொல்லவில்லை, நம் ஊர் அந்தப் பணத்தில்தான் நிற்கிறது. ஆனால் அனுப்புவதற்கு முன் அவன் உள்ளே முளைத்திருக்கிறானா என்று பார்த்தோமா? போய் இறங்கிய முதல் சில வாரம் அவனோடு தினமும் பேசினோமா? அங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்களும் கவனியுங்கள். புதிதாக வந்த பையனுக்கு முதல் மாதம் நீங்கள்தான் ஊன்று நிலம்.

அங்கே இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு செய்தி. அபுதாபியில் கடலோரமாகப் பச்சையாக நிற்கிறதே, மஸ்கட்டில் குர்ம் என்ற பகுதிக்கே பெயர் கொடுத்திருக்கிறதே, அது வேறு மரம் இல்லை. நம் முத்துப்பேட்டை அலையாத்தியேதான். அதே இனம். வளைகுடாவின் கடல் நம் கடலைவிட உப்பு கூடுதல், ஒரு லிட்டருக்கு 40 கிராமுக்கும் மேல். ஆற்று நீரும் இல்லை, மழையும் அரிது. குட்டையாக இருந்தாலும் நிற்கிறது. இந்த மர இனத்துக்கு 1753-ல் லின்னேயஸ் என்ற ஐரோப்பியத் தாவர அறிஞர் வைத்த பெயர் அவிசென்னியா. அது நம் இப்னு சீனா (ரஹ்) அவர்களின் பெயர். ஐரோப்பியர் வாயில் அப்படி ஆனது. இதைச் சொன்னதும் நம் பிள்ளைகளுக்குப் படகிலேயே பெருமை தாங்கவில்லை. நமக்கும் பெருமைதான். ஆனால் ஒரு மரத்துக்கு நம்மவர் பெயர் இருப்பதைவிட, அந்த மரத்தைப் பற்றி நமக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்பதையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

இதுவரை ஒரு மரத்தைப் பற்றிப் பேசினேன். இனிக் காட்டைப் பற்றிப் பேச வேண்டும். சகோதரர்களே, இன்று நான் மிம்பரில் ஏறியதே இதற்காகத்தான்.

2018 நவம்பர் 16. வெள்ளிக்கிழமை அதிகாலை. கஜா புயல். உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நின்ற தென்னை எல்லாம் வரிசையாக விழுந்து கிடந்தது. முத்துப்பேட்டைக் காடும் அடி வாங்கியது. இலை உதிர்ந்து, கிளை ஒடிந்து, பச்சையாக இருந்த இடம் பழுப்பாகிப் போனது. அலையாத்திக்கு ஒரு குணம் உண்டு. ஒடிந்தாலும் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கும் ஆற்றல் அதற்கு இருக்கிறது. முஃமினுக்கு இளம் பயிரை உவமை காட்டினார்கள் நபி (ஸல்) அவர்கள். காற்று சாய்க்கும், மறுபடி நிமிரும். புகாரியில் இருக்கிறது.

அந்தப் புயலில் சாய்ந்த ஒரு சகோதரர் நம் மஹல்லாவில் இருந்தார். கூரை போனது, படகு இஞ்சின் போனது. நிவாரணம் வருவதற்குள் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். ஒரு இடத்தில் தண்டல் வாங்கினார். அதைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்கினார். அவர் மனைவி பெயரில் குழுக் கடன். வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்பார்கள். அந்த மாதங்களில் நான் இந்த மிம்பரில் நின்று வட்டியைப் பற்றித் தொடர்ந்து நான்கு ஜும்ஆ பேசினேன். அல்லாஹ்வுடனும் ரஸூலுடனும் போர் என்று பேசினேன். குரலை உயர்த்திப் பேசினேன். ஐந்தாவது ஜும்ஆவிலிருந்து அவரைக் காணவில்லை.

ஒரு நாள் டீக்கடையில் பார்த்து, "ஏன் பாய், ஜும்ஆவுக்கு வர்றதில்லை?" என்று கேட்டேன். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போவதாகச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஹஜ்ரத், வட்டி ஹராம்னு எனக்குத் தெரியும். வாங்குற ஒவ்வொரு தடவையும் கை நடுங்குச்சு. ஹலாலான கடன் நம்ம ஊர்ல எங்க கிடைக்கும்னு மட்டும் நாலு வாரமும் நீங்க சொல்லவே இல்லையே."

நான் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்ன நேரத்தில் நம் பள்ளியின் கணக்கில் மினாராவுக்கு வண்ணம் பூசச் சேர்த்த பணம் இருந்தது. எனக்கும் தெரியும், நிர்வாகத்துக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருவருக்கும் யோசனை வரவில்லை. எனக்கே வரவில்லை. இந்தக் குற்றத்தை வேறு யார் மேலும் போட என்னால் முடியாது.

முத்துப்பேட்டைக் காட்டின் பழைய வரலாற்றைப் படித்தபோது அந்த டீக்கடைதான் எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, விடுதலைக்குப் பின்னும் சில பத்தாண்டுகள், அந்தக் காட்டை வட்டம் வட்டமாக ஏலம் விட்டு அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மரம் தானாக முளைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். முளைக்கவில்லை. ஏக்கர் ஏக்கராகப் பொட்டலாகக் கிடந்தது. பழி யார் மேல் விழுந்தது? சுற்றியிருந்த ஏழை மக்கள் மேல். ஆடு மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்றார்கள்.

பின்னர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் ஆராய்ந்து பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. மரத்தை ஒட்டுமொத்தமாக வெட்டியதும் வெயில் நேராக மண்ணில் பட்டு, மண் காய்ந்து, அமுங்கித் தொட்டி போல் ஆகிவிட்டது. கடல் ஏறும்போது அந்தத் தொட்டிக்குள் தண்ணீர் வரும், வற்றும்போது வெளியே போக வழி இல்லை. தேங்கிய தண்ணீர் வெயிலில் சுண்டச் சுண்ட உப்பு ஏறிக் கொண்டே போனது. கடலைவிட உப்பு. அலையாத்தியே பிழைக்க முடியாத உப்பு.

அவர்கள் என்ன செய்தார்கள்? வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி. கடல் உள்ளே வந்து வெளியே போக வழி கிடைத்தது. தேங்கிய உப்பு கழுவிக் கொண்டு போனது. பிறகு அந்த வாய்க்கால் ஓரங்களில் நட்ட கன்று பிழைத்தது. சுற்றியிருந்த கிராம மக்களையும் சேர்த்துக் கொண்டுதான் அந்த வேலையைச் செய்தார்கள். யார் மேல் பழி போட்டார்களோ அவர்கள் கையால்தான் காடு மீண்டது.

உப்பைத் தாங்கும் மரத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இங்கே கவனியுங்கள். அது உப்பைத் தாங்குகிறதே தவிர, உப்பைக் கேட்கவில்லை. ஆற்று நீர் வந்து கலந்தால் செழிக்கும், வராவிட்டால் குன்றும். ஆற்று வரத்து குறைந்து உப்பு கூடிய முத்துப்பேட்டையில் இன்று பெரும்பாலும் அலையாத்தி ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. பிச்சாவரத்தில் இருக்கும் பல வகைகள் இங்கே இல்லை. ஈமான் உறுதியாக இருப்பவர் எப்படியோ நின்றுவிடுவார் என்று நாம் இருந்துவிடக் கூடாது. உறுதி குறைந்தவர் என்ன ஆவார்? நின்றவர்களையே எண்ணிப் பார்த்துப் பெருமைப்பட்டுக் கொண்டிருக்கிறோம். காணாமல் போனவர்களை யார் எண்ணினோம்?

நம் ஜமாஅத்தில் பணம் வருகிறது. ஜகாத் வருகிறது, சந்தா வருகிறது, வெளிநாட்டிலிருந்து வருகிறது. வந்து தேங்குகிறது. வெளியே போக வாய்க்கால் இல்லை. தேங்கிய இடத்தில் உப்பு ஏறுகிறது. பிறகு பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள், பெண்கள் குழுக் கடன் வாங்குகிறார்கள் என்று மிம்பரில் ஏறிப் பழி சொல்கிறோம். கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் சிறந்தது என்ற கருத்தை அல்லாஹ் வட்டியைத் தடுத்த வசனங்களை அடுத்தே வைத்திருக்கிறான் (அல்குர்ஆன் 2:280). நான் அந்த நான்கு ஜும்ஆவிலும் முந்திய வசனங்களை ஓதினேன். இதை ஓதவில்லை.

1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் கேந்திரபாடா மாவட்டத்தில் எந்தெந்த ஊரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பின்னர் கணக்கெடுத்தார்கள். கடலுக்கும் ஊருக்கும் நடுவில் இந்தக் காடு அகலமாக இருந்த ஊர்களில் சாவு குறைவாக இருந்தது. சுனாமியில் இந்தக் காடு எவ்வளவு காத்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை நான் விட்டுவிடுகிறேன். புயலில் காத்தது. ஒரு மரம் புயலை நிறுத்தாது. அகலமாக, நெருக்கமாக, ஒன்றன் வேர் மேல் ஒன்று ஏறி நிற்கும் காடு அலையின் வேகத்தைக் குறைக்கும். அலையை ஆற்றுவதால்தான் அலையாத்தி என்று நம் மக்கள் விளக்கம் சொல்வார்கள்.

ஆகவே, இன்று தொழுகைக்குப் பிறகு எழுந்து போவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

நிர்வாகிகளோடு பேசிவிட்டேன். மினாராவுக்கு வண்ணம் அப்புறம் பூசிக் கொள்ளலாம். அந்தத் தொகையைக் கொடுத்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டோம், எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். வட்டியில்லாக் கடனுக்காக, கர்ளன் ஹஸனாவுக்காக, அது இந்த வாரத்திலிருந்து தனிக் கணக்காக இருக்கும். தண்டலில், குழுக் கடனில் மாட்டிக் கொண்டிருப்பவர்களுக்கு முதலில். கேட்பவர் இஷாவுக்குப் பின் மதரஸா அறைக்கு வரலாம். பெண்கள் என் வீட்டில் சொல்லலாம். நோட்டில் பெயர் எழுத மாட்டோம், எண் மட்டும். வசதி உள்ளவர்கள் இதில் பணம் போடுங்கள்; தர்மமாகப் போட முடியாதவர்கள் ஆறு மாதத்துக்கு அமானிதமாகக் கொடுத்து வையுங்கள், திருப்பித் தருகிறோம். அந்தச் சகோதரரின் வீட்டுக்கு நானே போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்று இந்தப் பள்ளியில்தான் உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்த்துத் தேடாதீர்கள்.

இரண்டாவது, ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்ற ஹதீஸையும், கையில் கன்று இருக்கும்போது கியாமத் நாளே வந்தாலும் முடிந்தால் நட்டுவிடச் சொன்ன ஹதீஸையும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். வருகிற ஞாயிறு வனத்துறையின் அனுமதியோடு நம் இளைஞர்கள் அலையாத்திக் கன்று நடப் போகிறார்கள். ஆர்வத்தில் யாரும் தனியாகப் போய் நட வேண்டாம். கடல் அதிக நேரம் நிற்கிற தாழ்வான இடத்தில் நட்டால் எல்லாம் செத்துவிடும், வனத்துறை காட்டும் இடத்தில்தான் நட வேண்டும். கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் படகு கிளம்பும், பஜ்ரு தொழுத கையோடு வந்துவிடுங்கள். சேற்றில் நடக்கும்போது கீழே பார்த்து நடங்கள், மூச்சு வேரை மிதிக்காதீர்கள்.

யா அல்லாஹ்! கடனில் இருக்கிறவர்களின் கடனை ஹலாலான வழியில் தீர்த்து வைப்பாயாக. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகளை உன் பாதுகாப்பில் வைப்பாயாக. எங்கள் கடலோரத்து மக்களைப் புயலிலிருந்து காப்பாயாக. ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.